பல் கட்டப் போகிறீர்களா? முதலில் கம்ப்யூட்டர் திரையைப் பாருங்கள்!

"களிக்குப் பல்லு எதுக்குங்க டாக்டர்? உருட்டி முழுங்கிடலாம். இந்த வேர்க்கடலைதான் வம்பு பண்ணுது!"

கிருஷ்ணகிரி மாவட்டம், ஊத்தங்கரை தாலுகாவில் இருக்கிற கல்லாவியிலிருந்து ஓர் அம்மா பல் டாக்டரிடம் வந்து இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது ஐம்பதை நெருங்குகிறது. கீழ்வரிசையில் வலது பக்கம் முதல் கடைவாய்ப்பல் இல்லை. சொத்தையாகி, வலி தாங்காமல் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிடுங்கியாகிவிட்டது. 'வெளியே தெரியாத இடம்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிட்டார். நம்மில் பலர் செய்கிற காரியம்தான்!

கூடவே மகனும் வந்திருக்கிறார். ஓசூர் சிப்காட்டில் சி.என்.சி. மிஷின் ஓட்டுகிறவர். "இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே பல்லு செய்றாங்களாமே சார்... அம்மாவுக்கு அதையே கட்டிடுங்க. கம்ப்யூட்டர்னா தப்பு வராதில்ல?" என்கிறார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பதில்தான் 'ஆமாம்' என்று ஒரே வார்த்தையில் முடியாது. கம்ப்யூட்டர் செய்கிற பல் துல்லியமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால், 'பிரிட்ஜ்' என்பது இல்லாத ஒரு பல்லுக்காக, இருக்கிற இரண்டு பற்களை ராவுகிற சமாசாரம். ராவிய பல் மறுபடி வளராது. அதனால் மிஷின் ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே சில விஷயங்களை நீங்கள் தெரிந்துகொண்டால் நல்லது.

பாலமும் தூணும்

பிரிட்ஜ் என்றால் பாலம். பெயரே விளக்கம் சொல்லிவிடுகிறது. பல் இல்லாத இடைவெளிக்கு இரண்டு பக்கமும் உள்ள பற்கள் தூண்கள். அவற்றைச் சுற்றிலும் ராவிச் சின்னதாக்கி, மேலே தொப்பி போல 'கேப்' மாட்டுவார்கள். நடுவில் ஒரு பொய்ப்பல் தொங்கும். மூன்றும் ஒரே துண்டு. கேப்பும் பொய்ப்பல்லும் சேருகிற கழுத்துப் பகுதிக்கு 'கனெக்டர்' என்று பெயர். இந்தக் கழுத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

பொய்ப்பல்லுக்கு வேர் கிடையாது. அதன் மேல் விழுகிற மெல்லும் பாரத்தையெல்லாம் இரண்டு தூண்களின் வேர்கள்தான் சுமக்க வேண்டும். 1926-ல் ஆன்டே என்ற பல் மருத்துவர் ஒரு கணக்கு சொன்னார்: தூண் பற்களுடைய வேர்களின் மொத்தப் பரப்பு, இல்லாத பற்களுடைய வேர்ப் பரப்பைவிடக் குறையக் கூடாது. இன்று இதை எழுத்துக்கு எழுத்து யாரும் சட்டமாகப் பார்ப்பதில்லை. ஆனாலும் டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, வேரையும் எலும்பையும் பார்ப்பதற்கு அடிப்படை இதுதான். ஆடுகிற பல்லைத் தூணாக வைத்து எவ்வளவு அழகாகப் பாலம் கட்டினாலும் பிரயோஜனமில்லை.

"நல்லா இருக்கிற பல்லை ஏன் ராவணும்?" என்று அந்த அம்மா கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்வி! பக்கத்துப் பற்கள் இரண்டும் பழுதே இல்லாமல் இருந்தால், அவற்றைத் தொடாமல் எலும்பில் திருகு வைத்துப் பல் கட்டுகிற 'இம்ப்ளான்ட்' முறையை முதலில் யோசிக்க வேண்டும். கழற்றி மாட்டுகிற பல்செட்டும் ஒரு வழி. இந்த அம்மாவுக்கோ இரண்டு பக்கப் பற்களிலும் பெரிய பெரிய அடைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அவற்றுக்கு எப்படியும் கேப் தேவைப்படும். அதனால் இங்கே பிரிட்ஜ் பொருத்தம். உங்களுக்கும் அதுவே பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள்.

சுவாமிமலையிலிருந்து சூரிக் வரை

அந்தக் காலத்தில் பல் கட்டியது எப்படி? சுவாமிமலை ஸ்தபதிகள் பஞ்சலோகச் சிலை வார்க்கிற அதே தத்துவம்தான். வாயில் மாவு போன்ற பொருளை வைத்து அளவெடுத்து, பிளாஸ்டர் மாதிரி செய்து, அதன் மேல் மெழுகில் பல்லைச் செதுக்கி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். பிறகு உலோகத்தின் மேல் பீங்கான் பூச்சு. நல்ல கைகாரர் செய்தால் அருமையாக வரும். இன்றும் பல பேர் வாயில் அந்தப் பற்கள் நன்றாக உழைத்துக்கொண்டிருக்கின்றன.

பிரான்ஸில் பிரான்சுவா டுரே என்ற பல் மருத்துவர், ஒளியாலேயே பல்லை அளவெடுத்து மிஷினால் செதுக்கலாம் என்ற யோசனையை 1973-ல் தன் ஆராய்ச்சிக் கட்டுரையாகவே எழுதினார். சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மன் என்ற பல் மருத்துவரும், மார்கோ பிராண்டெஸ்டினி என்ற இன்ஜினீயரும் சேர்ந்து 1985-ல், நாற்காலியில் நோயாளி உட்கார்ந்திருக்கும்போதே கம்ப்யூட்டர் உதவியால் பீங்கான் அடைப்பைச் செதுக்கிப் பொருத்தினார்கள். இன்று நம் ஊர்ப் பக்கமும் இது சர்வசாதாரணம். கிளினிக்கில் அளவெடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டால், பல் கூரியரில் வந்து சேர்ந்துவிடும். கேரளத்தில் மூவாற்றுப்புழாவில் 1988-ல் சின்ன அளவில் தொடங்கிய டென்ட்கேர் போன்ற லேப்கள் இன்று மிகப் பெரிதாக வளர்ந்திருக்கின்றன.

கடிகாரத்தின் நுண்ணிய பல்சக்கரத்திலிருந்து லாரி இன்ஜின் வரை உருவாகிற ஓசூரில் இருப்பவர்களுக்கு இது புதிய சங்கதியே அல்ல. 'கேட்' என்பது திரையில் வரைவது; 'கேம்' என்பது மிஷினில் செதுக்குவது. பல்சக்கரத்துக்குப் பதிலாக நிஜமாகவே பல்! அவ்வளவுதான் வித்தியாசம்.

ராவுவதற்கு முன்பே ஒரு ஸ்கேன்

தடித்த டூத் பிரஷ் கைப்பிடி போல இருக்கும் ஒரு கருவியை வாய்க்குள் மெல்ல நகர்த்துகிறார் டாக்டர். வலி இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. வாயெல்லாம் மாவு அப்பிக் குமட்டுகிற தொந்தரவும் கிடையாது. சில நிமிஷங்களில் கீழ்வரிசை, மேல்வரிசை, இரண்டும் கடித்திருக்கிற நிலை மூன்றும் திரையில் முப்பரிமாணமாக வந்து நிற்கின்றன.

படத்தைத் திருப்பிப் பார்த்த மகன் சொல்கிறார்: "சார், பின்னாடி இருக்கிற பல்லு சாஞ்சில்ல இருக்கு?"

ஆமாம், சாய்ந்துதான் இருக்கிறது. பக்கத்துப் பல் போனதும் பின்பக்கப் பல் காலி இடத்தை நோக்கி மெதுவாகச் சாயும். மேல்வரிசைப் பல்லும் எதிரே தடுப்பில்லாததால் கீழே இறங்கி வரும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்ட இரண்டு வருஷத்துக்கு இதுதான் வட்டி!

சாய்ந்தால் என்ன கெட்டுப்போச்சு? பிரிட்ஜ் ஒரே துண்டு. இரண்டு தூண்களிலும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் இறங்க வேண்டும். ஒரு தூண் நேராகவும் இன்னொன்று சாய்வாகவும் இருந்தால் எப்படி இறங்கும்? சாய்ந்த பல்லை அதிகமாக ராவினால், உள்ளே இருக்கிற நரம்பு பாதிக்கப்படலாம். அப்புறம் வேர் சிகிச்சை வரைக்கும் போகும். சாய்வு மிக அதிகமாக இருந்தால் முதலில் கம்பி போட்டுப் பல்லை நிமிர்த்திவிட்டுத்தான் பிரிட்ஜ் கட்ட வேண்டும், அல்லது வேறு வழி பார்க்க வேண்டும்.

இந்த அம்மாவுக்குச் சாய்வு கொஞ்சம்தான். எந்தப் பக்கம் எவ்வளவு ராவினால் இரண்டு பற்களும் ஒரே திசைக்கு வரும் என்று திரையிலேயே பார்த்து முடிவு செய்துவிடலாம். அதனால்தான் சொல்கிறேன்: பல்லில் கை வைப்பதற்கு முன்பே ஒரு ஸ்கேன் எடுத்து, அதை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள்.

திரையில் நடப்பது என்ன?

பல்லை ராவியபின் மறுபடி ஒரு ஸ்கேன். அது லேபுக்குப் போகிறது. அங்கே டெக்னீஷியன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வரிசையாகச் செய்கிற வேலைகள் இவை.

1. ஓரம் குறிப்பது: ராவிய இடம் எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தை ஒரு கோடாகக் குறிக்க வேண்டும். கேப்பின் விளிம்பு அங்கேதான் வந்து உட்காரும். இந்தக் கோடு தப்பினால் எல்லாமே தப்பு. ஓரத்தில் எச்சிலோ ரத்தமோ இருந்து ஸ்கேன் மங்கினால், கம்ப்யூட்டர் தானாக ஒரு கோடு போட்டுக் காட்டும், அது ஊகம்தான். மெக்லீன், வான் ஃபிரான்ஹோபர் என்ற இருவர் 1971-ல் சொன்ன அளவைத்தான் இன்றும் பலர் எல்லையாக வைத்திருக்கிறார்கள்: கேப்புக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி 120 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது. அதாவது கிட்டத்தட்ட ஒரு தலைமுடித் தடிமன்! அதற்கு மேல் போனால் சிமென்ட் கரைந்து, உள்ளே சொத்தை நுழையும்.

2. இறங்கும் திசை: பிரிட்ஜ் எந்தத் திசையில் இறங்கும் என்று முடிவு செய்வது. அதற்குத் தடையாகக் குடைவாக இருக்கிற இடங்களைத் திரை வேறு நிறத்தில் காட்டும். இங்கேதான் ஒரு ஆபத்து இருக்கிறது. அந்தக் குடைவுகளை மென்பொருள் தானாகவே 'நிரப்பி'விடும். டெக்னீஷியன் அடுத்த பட்டனைத் தட்டிவிட்டால் வேலை நடந்துவிடும். பிரிட்ஜும் வாயில் இறங்கிவிடும். ஆனால் நிரப்பிய இடத்தில் கேப் பல்லை ஒட்டி நிற்காது. நடுவே வெறும் சிமென்ட்தான் இருக்கும். நல்ல லேபாக இருந்தால் அங்கேயே நிறுத்தி டாக்டருக்குப் போன் செய்வார்கள். "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் ராவி, மறுபடி ஸ்கேன் அனுப்புங்க சார்" என்பார்கள். உங்களை இரண்டாவது தடவை வரச் சொன்னால் கோபப்படாதீர்கள். அது உங்கள் பல்லைக் காப்பாற்றுகிற அலைச்சல்.

3. பல் வடிவம்: மென்பொருளில் பற்களின் வடிவங்கள் நூலகம் போலச் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். பொருத்தமானதை எடுத்து, பக்கத்துப் பல்லுக்குத் தகுந்தபடி இழுத்து, சுருக்கி அமைப்பார்கள். நடுவில் வருகிற பொய்ப்பல்லின் அடிப்பாகம் முக்கியம். அது ஈறைச் சேணம் போலக் கவ்விக்கொண்டு உட்காரக் கூடாது. வழவழப்பாக வெளிப்பக்கம் வளைந்து, ஈறை லேசாகத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். கவ்வினால் அடியில் சோறு தங்கும், நாறும், ஈறு வீங்கும்.

4. கடி பார்ப்பது: எதிர்ப்பல் எங்கே இடிக்கிறது என்பதைத் திரை வண்ணங்களாகக் காட்டும். அதிகம் இடிக்கிற இடத்தைத் தணித்துக்கொள்ளலாம்.

எட்டு மடங்குக் கணக்கு

இப்போது அந்தக் கழுத்துப் பகுதிக்கு வருவோம். பிரிட்ஜ் உடைந்தால் பெரும்பாலும் உடைகிற இடம் இதுதான்.

ஒரு மரப்பலகையை இரண்டு கல்லின் மேல் வைத்து நடுவில் ஏறி நில்லுங்கள். கொஞ்சம் வளையும். கற்களுக்கு நடுவே உள்ள தூரத்தை இரட்டிப்பாக்கினால் இரண்டு மடங்கு வளையுமா? இல்லை, எட்டு மடங்கு வளையும்! தூரம் மூன்று மடங்கானால் வளைவு 27 மடங்கு. அதேபோல பலகையின் கனத்தைப் பாதியாகக் குறைத்தாலும் வளைவு எட்டு மடங்காகும். மகன் தலையாட்டுகிறார், இது அவருக்குத் தெரிந்த கணக்கு.

வாயிலும் இதே விதிதான். ஒரு பல் இல்லாத இடத்துக்குக் கட்டுகிற பிரிட்ஜையும், வரிசையாக மூன்று பல் இல்லாத இடத்துக்குக் கட்டுகிற பிரிட்ஜையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. "செலவு மிச்சம், இரண்டு தூணிலேயே எல்லாத்தையும் கட்டிடலாம்" என்றால் யோசியுங்கள்.

கடைவாயில் மூன்று பல் ஜிர்கோனியா பிரிட்ஜுக்குக் கழுத்தின் குறுக்களவு பொதுவாக 9 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பார்கள். அளவு குறைந்தால் திரையிலேயே எச்சரிக்கை வரும். அகலத்தைவிட உயரம் கூடுவதுதான் அதிக பலம். ஆனால் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஈறுக்கு மேல் சுத்தம் செய்ய பிரஷ் நுழைய இடம் இருக்காது. பலமும் வேண்டும், சுத்தமும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான அளவைப் பிடிப்பதுதான் நல்ல டிசைன். அதைத் தீர்மானிக்க மனித மூளை வேண்டும்.

எந்தப் பொருளில் செய்வது என்பதும் இதில் அடக்கம். கண்ணாடி போல அழகாக இருக்கும் லித்தியம் டைசிலிகேட் முன்பற்களுக்கு அருமை. கடைவாய் பிரிட்ஜுக்கு அது சரிப்படாது. அங்கே ஜிர்கோனியா அல்லது உலோகத்தின் மேல் பீங்கான்தான் நல்லது.

சாக்பீஸ் போல ஒரு வட்டு

டிசைன் முடிந்ததும் மிஷினுக்குப் போகிறது. ஜிர்கோனியா, தடித்த வெள்ளை வட்டாக வரும். கையில் எடுத்தால் சாக்பீஸ் மாதிரி மெத்தென்று இருக்கும். அந்த நிலையில்தான் செதுக்குவார்கள். முழுக்க இறுகியபின் செதுக்குவது கஷ்டம்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். செதுக்கி வருகிற பிரிட்ஜ் உங்கள் வாய்க்குப் பொருந்தவே பொருந்தாது, பெரிதாக இருக்கும்! ஏனென்றால் பிறகு அதைச் சூளையில் சுமார் 1500 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைப்பார்கள். அப்போது அது ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி, கல் போல இறுகும். 30 மி.மீ. நீள பிரிட்ஜ் வேண்டுமென்றால் சுமார் 37 மி.மீ. நீளத்துக்குச் செதுக்குவார்கள். எவ்வளவு சுருங்கும் என்ற எண் ஒவ்வொரு வட்டிலும் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை மாற்றிப் போட்டுவிட்டால் போச்சு, பல் இறங்காது அல்லது லொடலொடவென்று ஆடும். அவசரப்பட்டுச் சூளையிலிருந்து எடுத்தாலும் கெடும். "நாளைக்குக் கல்யாணம், இன்னிக்கே குடுங்க" என்று டாக்டரை நெருக்காதீர்கள்.

இன்னொன்று. செதுக்குகிற டூலுக்கு ஒரு தடிமன் உண்டு. அதைவிடக் கூர்மையான மூலைக்குள் அது நுழையாது. ராவிய பல்லில் கூர்முனைகள் இருந்தால், மென்பொருள் அந்த இடத்தில் கேப்பை உள்ளே அதிகமாகக் குடைந்துவிடும், பிடிப்பு குறையும். டாக்டர் ராவும்போதே முனைகளை மழுக்கி உருட்டையாக விட வேண்டும் என்பது இதனால்தான். கத்தி பிடிக்கிற கையின் பக்குவத்தை மிஷின் ஈடுகட்டாது.

நிறம்: நம் பக்கத்துச் சங்கதி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. சின்ன வயசில் இதற்கு மேல் ஃபுளோரைடு உள்ள தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் கறை விழுந்து முளைத்துவிட்ட பல், நல்ல தண்ணீரால் வெளுக்காது.

அப்படிப்பட்ட வாயில் பளீரென்ற வெள்ளையில் ஒரு பிரிட்ஜ் கட்டினால் தனியாகத் தெரியும். நிறம் பார்க்க டாக்டர்கள் வைத்திருக்கும் அட்டையில் இந்தக் கறை நிறங்கள் இருக்காது. பகல் வெளிச்சத்தில் பக்கத்துப் பற்களைப் போட்டோ எடுத்து லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவர்கள் கையால் சாயம் தீட்டிச் சூளையில் வைத்து ஒத்துப்போகச் செய்வார்கள்.

ஒட்டிய பிறகு...

ஒட்டுவதற்கு முன் மாட்டிப் பார்க்கும்போது, மெல்லிய வண்ணக் காகிதத்தைக் கடிக்கச் சொல்வார்கள். "உயரமா இருக்கு டாக்டர்" என்று தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள். 'போகப் போகப் பழகிடும்' என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். தேய்த்த இடத்தை மறுபடி பாலிஷ் செய்தாக வேண்டும். சொரசொரப்பான ஜிர்கோனியா எதிர்ப்பல்லைத் தேய்த்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு வேலை, ஆனால் தினமும்: பொய்ப்பல்லின் அடியைச் சுத்தம் செய்வது. சாதா பிரஷ்ஷோ வேப்பங்குச்சியோ அங்கே போகாது. பல்லிடுக்குக்கான சின்ன பிரஷ், அல்லது பிரிட்ஜுக்கு அடியில் கோத்து இழுக்கிற 'சூப்பர் ஃபிளாஸ்' நூல் மருந்துக் கடையில் கிடைக்கும். ராத்திரி படுக்கப் போகும் முன் இரண்டு நிமிஷம் போதும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால்தான் ஈறு தாங்கும். வெற்றிலையும் புகையிலையும் போடுகிறவர்கள் அதை விட்டுவிடுவதுதான் நல்லது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

லேப் ஒரு வாரன்டி கார்டு கொடுக்கும். பத்திரமாக வையுங்கள். ஆனால் அந்த உத்தரவாதம் கேப்புக்குத்தான். கேப்புக்கு அடியில் இருக்கிற உங்கள் சொந்தப் பல்லுக்கு எந்தக் கார்டும் கிடையாது. அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

டாக்டரிடம் கேளுங்கள்!

* பக்கத்துப் பற்களை ராவாமல் வேறு வழி எனக்கு உண்டா?

* தூணாகப் போகிற பற்களின் வேரும் ஈறும் எக்ஸ்ரேயில் நன்றாக இருக்கின்றனவா?

* ராவுவதற்கு முன்பும், செதுக்குவதற்கு முன்பும் டிசைனைத் திரையில் காட்டுவீர்களா?

* என்ன பொருள்? கடைவாய்க்கு அது தாங்குமா?

* கழுத்துக்கு அடியில் பிரஷ் நுழைய இடம் விட்டிருக்கிறதா?

இதையெல்லாம் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டாம். நல்ல டாக்டர் சந்தோஷப்படுவார். கல்லாவி அம்மா போல நீங்களும் வேர்க்கடலையை நிம்மதியாக மெல்லலாம். அதைவிட முக்கியம், வாயில் எந்தப் பல் போனாலும் இரண்டு வருஷம் காத்திருக்காதீர்கள்!